அசையாத கையின் உழைப்பு

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் ருவான்வெல்லையிலும் உள்ள இறப்பர் மலைகளிலே பொழுது நன்கு புலர்வதற்கு முன்னரே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும் ஆதலால், இருள் பிரியும் வேளையிலேயே தொழிலாளி தன் மர வரிசையிற் போய் நிற்றல் வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 300 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும், முன்னர் வெட்டிய சரிவான கோட்டின்மேற் கத்தியைப் பதித்துப் பட்டையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தல் வேண்டும். சீவலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர், மிஞ்சினால் இரண்டு. கத்தி ஆழம் குறைந்தாற் சிரட்டையிலே பால் நிறையாது. ஆழம் கூடினால், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மாறிழையம் எனத் தாவரநூலார் கூறும் மெல்லிய படை காயப்பட்டுவிடும். காயம்பட்ட இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே இருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதே இடத்தை வெட்ட வருபவன், முன்னவன் கைப்பிழையைத் தடவிப் பார்த்தே அறிந்துகொள்வான். மரமே கணக்குப் புத்தகமாகிவிடுகின்ற தொழில் அது.

பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதித் தேயிலை மலைகளிலே வேறொரு கைத்திறன் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண் இரு கைகளையும் ஒருங்கே ஓட்டுகிறாள். இரு இலையும் ஒரு மொட்டும் கொண்ட தளிரைக் கண் தேர்ந்தெடுப்பதற்கும் விரல் கிள்ளுவதற்கும் இடையே இடைவெளியே இல்லை எனலாம். பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலாகச் சென்று முதுகுக் கூடையிற் கொழுந்தை எறிகின்றது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் காணாத கூடையின் வாய் எங்கே இருக்கின்றது, சரிவிலே கால் சற்று இறங்கினால் அது எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பவற்றையெல்லாம் கை அறிந்தே வைத்திருக்கின்றது.

இவ்வளவு நுட்பம் வேண்டப்படும் இவ்விரு தொழில்களையும் தோட்டத்து நிர்வாகம் நெடுங்காலம் எழுதிவைத்த முறை மிகச் சுருக்கமானது. செக்ரோலிலே ஒரு பெயர். அதற்கு நேரே முழுப்பேர் அல்லது அரைப்பேர். வெளியார் பேச்சிலே இது தேர்ச்சி வேண்டாத கூலிவேலை. கூலி என்னும் நல்ல தமிழ்ச்சொல், உழைப்பின் ஊதியத்தைக் குறிப்பது போய், உழைப்பவனையே இழித்துக் கூறும் சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கியதும் உண்டு.

அத்திறன் எங்கே குடியிருக்கின்றது? விரலிலா, தோள் தசையிலா, வேறெங்காவதா? வழுக்குப் பாதையிலே விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஒரு மாத காலம் மாவுக்கட்டிற் கை கிடந்தால், திறனும் அதனோடு கட்டுண்டு கிடக்கின்றதா? அசையாத கை மனத்தினால் மட்டும் வேலை செய்ய இயலுமா? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டு நீளமுள்ளது. இலங்கையிலே தோட்டங்கள் தோன்றி வளர்ந்த காலமும் அதுவே.

மனத்தினாற் செய்யும் தொழிலைத் தமிழர் அறியாதவரல்லர். திருநின்றவூர்ப் பூசலார், கல்லும் பொருளும் கிடையாமையால் உள்ளத்திலேயே தச்சரை அழைத்து, நாள் குறித்து, அடி நிலையிலிருந்து சிகரம் வரை கோயில் எழுப்பிய கதையைப் பெரியபுராணம் கூறுகின்றது. காஞ்சியிலே கற்கோயில் கட்டிய மன்னன் தன் குடமுழுக்கைப் பின்போட வேண்டி வந்தது. அக்கதையில் ஓர் அருமையான குறிப்பு உண்டு: பூசலார் ஒரு கணத்திலே கோயிலைக் கண்டுவிடவில்லை. நெடுநாட்கள் படிப்படியாகவே கட்டினார். மனத்தின் வேலைக்கும் உண்மை வேலைக்குரிய காலம் பிடிக்கும் என்னும் எண்ணம் அதிலே அடங்கியிருக்கின்றது. இக்கருத்து பின்னர் ஒரு பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தில் மணிக்கூட்டினால் அளந்து பார்க்கப்படவிருந்தது.

ஆனால், ஐரோப்பாவிலே இந்த ஆராய்ச்சி பக்தியிலிருந்து தொடங்கவில்லை. ஒரு வேடிக்கையிலிருந்து தொடங்கிற்று. நூலிலே குண்டு கட்டி விரல்களாற் பிடித்தால், சில பொருள்களுக்கு மேலே அது தானாகவே ஊசலாடும் என்று பலர் நம்பியிருந்தனர். நம் ஊர்களிலே கிணறு வெட்டுமுன் கவைக்குச்சியைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பவரின் கையிற் குச்சி வளைவதும் இவ்வகையே. மிஷேல் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இதனைத் தாமே செய்து பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டால் ஊசல் நின்றுவிடுகின்றது. குண்டு எந்தத் திசையில் ஆடும் என்று எதிர்பார்க்கின்றோமோ அந்தத் திசையிலேயே ஆடுகின்றது. 1833 ஆம் ஆண்டில் அம்பெயர் என்னும் பௌதிக அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதனை வெளியிட்டார். அசைவை எண்ணுவதே கையிற் சிற்றசைவை உண்டாக்கிவிடுகின்றது. அசைத்தவனுக்கே அது தெரிவதில்லை.

1852 இலே வில்லியம் காப்பென்றர் என்னும் ஆங்கில வைத்தியர் லண்டன் ரோயல் நிறுவகத்தில் ஆற்றிய சொற்பொழிவிலே, எண்ணம் நேரே தசையை இயக்கும் இச்செயலுக்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். மறு ஆண்டு, ஆவிகள் மேசையைச் சுழற்றுகின்றன என்ற பரபரப்பு லண்டனை ஆட்டியபோது, மைக்கல் பரடே ஓர் எளிய கருவியை மேசைமேல் வைத்து, அமர்ந்திருப்போரின் கைகளே தம்மை அறியாமல் மேசையைத் தள்ளுகின்றன என்று காட்டினார். ஆவி போயிற்று, கேள்வி மட்டும் எஞ்சிற்று. எண்ணம் எவ்வழியாகக் கையை அடைகின்றது?

இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தலைகாட்டிய ஆண்டு 1869. அடுத்த ஆண்டிலே, ஜேர்மனியின் பெர்லின் நகரத்தில் பிரிட்ஷ், ஹிற்சிக் என்னும் இரு வைத்தியர்கள், நாயின் மூளைப் புறணியிலே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். ஓரிடத்தைத் தொட்டாற் கால் அசைந்தது. சற்றே விலகித் தொட்டால் முகம் அசைந்தது. மூளையின் மேற்பரப்பிலே உடம்பின் அசைவுகளுக்கென இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது என்பது முதன்முறையாகப் புலனாயிற்று. மனிதருக்கான வரைபடம் அதற்குப் பின்னரும் பல்லாண்டு காத்திருந்தது. கனடாவின் மொன்றியல் நகரத்திலே சத்திரவைத்தியர் வைல்டர் பென்பீல்ட், விழித்திருக்கும் நோயாளரின் மூளையை மெல்லத் தூண்டி ஆராய்ந்த முடிவுகளை 1937 இலே வெளியிட்டார். அவ்வரைபடத்தைப் பார்ப்பவர் வியப்படைவர். முதுகுக்கும் தொடைக்கும் கிடைத்த இடம் சிறு துண்டு. கைக்கும் விரல்களுக்கும் முகத்துக்குமே பெருநிலம். உடம்பிலே பெரிதாக இருப்பதன்று, நுட்பமாக அசைய வேண்டியதே மூளையிலே பெரிதாக இருக்கின்றது. கொழுந்து கிள்ளும் விரலுக்கு மூளை அளித்த பரப்பு, மூட்டை சுமக்கும் முதுகுக்கு அளித்ததைவிட மிக அதிகம் என்பதைச் செக்ரோல் எழுதியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

இதற்கிடையே சப்பிரகமுவாவின் மலைகள் உருமாறிவிட்டன. 1876 இலே ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டே ஏறத்தாழ 2,000 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது, பால் எடுக்கும் முறைதான் அறியப்படவில்லை. பிரேசிலிலே கோடரியாற் கொத்தியே பால் எடுத்தனர். மரம் விரைவிற் பாழாயிற்று. ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவித் திறந்தால், மரம் சாகாமற் பால் தரும் என்பதைச் சிங்கப்பூரிலே ஹென்றி ரிட்லி கண்டறிந்து பரப்பினார். இக்கண்டுபிடிப்பின் பயனை முழுமையாக்கியது தொழிலாளியின் மணிக்கட்டே என்பதை மறந்துவிடலாகாது. மில்லிமீற்றர் கணக்கிலே அடங்கும் கை கிடைக்காதிருந்தால், ரிட்லியின் முறை ஏட்டிலேயே நின்றிருக்கும். சப்பிரகமுவா 1889 இலே தனி மாகாணமாயிற்று. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1903 இலே எட்டியாந்தோட்டையையும், 1912 இலே இரத்தினபுரியையும் எட்டிற்று. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் வழியாக வந்த குடும்பங்கள் அம்மலைகளிலே லயங்களில் அமர்ந்தன.

1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் எட்மண்ட் ஜேக்கப்சன், கையிலே மின்வாய்களைப் பொருத்தி, தொண்டர்களை அசையாமற் படுக்கச் செய்து, கையை மடக்குவதாக எண்ணுமாறு மட்டும் கேட்டார். கை அசையவில்லை. ஆயினும், எண்ணப்பட்ட கையின் தசையிலே மிகச் சிறிய மின்துடிப்புத் தோன்றிற்று. மற்றக் கையில் அது காணப்படவில்லை. செவ்ரேல் கண்ட ஊசலின் இரகசியத்தை இப்போது கருவி எழுதிக் காட்டியது. எண்ணத்தின் வேலை முழுவதும் தசையிலேதான் நடக்கின்றதோ என்று சிலர் கருதத் தலைப்பட்டனர். ஆனால் பிற்காலத்துப் பரிசோதனைகள் பலவற்றிலே, தசை முற்றாக ஓய்ந்திருக்கும்போதும் மன அசைவு தெளிவாக நிகழ்வது கண்டறியப்பட்டது. தசையில் எழும் துடிப்பு சிந்திய துளி. ஊற்று மேலே மூளையில் இருந்தது.

அந்த ஊற்றை நேரே காண 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரத்தில் பேர் ரோலண்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், கதிர்வீச்சுள்ள ஸெனன் வாயுவை இரத்தத்திற் கலந்து, மூளையின் எப்பகுதிக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கின்றது என்று அளந்தனர். விரல்களை ஒரு கடினமான வரிசையில் உண்மையாக அசைத்தபோது, கட்டளை அனுப்பும் இயக்கப் புறணியும், அதற்கு முன்னே அமைந்துள்ள துணை இயக்கப் பகுதியும் சேர்ந்து வேலை செய்தன. அதே வரிசையை மனத்திலே மட்டும் ஓட்டியபோது, துணை இயக்கப் பகுதிக்கு மட்டும் இரத்தம் பெருகிற்று. அசைவின் திட்டம் தீட்டப்படுகின்றது; ஒழுங்கு வகுக்கப்படுகின்றது; இறுதிக் கட்டளை மட்டும் வாயிலிலே தடுத்து நிறுத்தப்படுகின்றது. பின்னர் வந்த நுட்பமான படக் கருவிகள், இயக்கப் புறணியும் அந்நேரம் சிறிதளவு விழித்திருப்பதைப் பல தடவை காட்டியுள்ளன.

பிரான்சின் லியோன் நகரத்தில் மார்க் ஜன்னரோ, ஜான் டெசெற்றி முதலியோர் 1989 இலே செய்த பரிசோதனை மலைநாட்டவருக்கு மிக நெருங்கியது. சில மீற்றர் தொலைவிலுள்ள குறிகளைக் காட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு அங்கே நடக்கச் செய்தனர். பின்னர் நடப்பதாக எண்ணச் செய்தனர். இரண்டுக்கும் பிடித்த காலம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தொலைவு கூடினால் எண்ண நடைக்கும் காலம் கூடிற்று. பூசலாரின் கோயில் ஒரு நொடியில் எழாதது போலவே! அடுத்ததாக, முதுகிலே 25 கிலோ சுமையை ஏற்றினர். உண்மையாக நடந்தபோது சுமையினாற் காலம் கூடவில்லை. அவர்கள் சற்று அதிகம் முயன்று அதே வேகத்தில் நடந்துவிட்டார்கள். ஆனால் சுமையோடு நடப்பதாக எண்ணியபோது மட்டும் காலம் நீண்டுவிட்டது. மிகுதியான முயற்சியை மனம் மிகுதியான நேரமாகக் கணக்கிட்டுவிட்டது. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையாற் சிவனொளிபாதமலைக்கு மூட்டையோடு ஏறியவர், அவ்வேற்றத்தை இரண்டாம் முறை எண்ணிப் பார்க்கும்போதே பெருமூச்சு விடுவதன் காரணம் இதுவே. அது வெறும் பேச்சும் அன்று. 1991 இலே அதே குழுவினர், ஓடுவதாக எண்ணுபவரின் நாடித்துடிப்பும் மூச்சும், எண்ணும் வேகத்துக்கேற்ப உயர்வதை அளந்து காட்டினர். கால்களோ அசையாமற் கிடந்தன.

இதுவரை கூறியன மூளையில் நிகழ்பவை. தசையின் வலிமை மாறுமா என்பது வேறு கேள்வி. தொழிலாளிக்கு வேண்டியதும் அதுவே. 1992 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்திலே குவாங் யூ, கெலி கோல் என்னும் இருவர் சுண்டுவிரலை வெளிப்புறமாக விரிக்கும் சிறு தசையைத் தேர்ந்தெடுத்தனர். அன்றாட வாழ்விலே எவரும் தனியாகப் பயிற்றாத தசை அது. ஒரு குழுவினர் 4 வாரம் உண்மையாகவே பயிற்சி செய்தனர். அவர்தம் வலிமை 30 சதவீதம் உயர்ந்தது. இன்னொரு குழுவினர் பயிற்சி செய்வதாக எண்ணினர், தசை அசையவில்லை, 22 சதவீதம் உயர்ந்தது. ஒன்றும் செய்யாதிருந்தோர் 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2004 இலே, கிளீவ்லண்ட் நகரத்து வைத்திய நிலையத்திலிருந்து விநோத் ரங்கநாதனும் யூவும் பிறரும் வெளியிட்ட ஆய்விலே, 12 வாரம் எண்ணப் பயிற்சி செய்தோரின் சுண்டுவிரல் வலிமை 35 சதவீதமும், முழங்கையை மடக்கும் வலிமை 13.5 சதவீதமும் கூடியிருந்தன.

இதனைக் கேட்டு, கட்டிலிலே படுத்துக்கொண்டே பயில்வானாகிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. எண்ணத்தினாலே தசை பருப்பதில்லை. வலிமை என்பது தசையின் அளவு மட்டுமன்று. மூளை எத்தனை தசைநார்களை ஒரே வேளையில் எழுப்பவல்லது, எவ்வளவு வேகத்தில் அவற்றுக்குக் கட்டளை அனுப்பவல்லது என்பதும் வலிமையே. புதிதாகப் பாரம் தூக்கத் தொடங்குபவர் முதற் சில வாரங்களிலே பெறும் பலத்திற் பெரும்பங்கு தசை வளர்வதற்கு முன்னரே வந்துவிடுவதும் இதனாலேயே. எண்ணப் பயிற்சி அந்தக் கட்டளையைச் செப்பஞ் செய்கின்றது. முழங்கையைவிடச் சுண்டுவிரலிலே பயன் அதிகமாக இருந்ததும் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் வாளி தூக்கும் முழங்கையின் கட்டளை முன்பே செப்பமாயிருக்கின்றது. அதிலே கூட்டுவதற்கு இடம் குறைவு.

வலிமைக்கு இது, திறனுக்கோ இன்னும் நேர்த்தியான சான்று உண்டு. 1995 இலே அல்வாரோ பஸ்குவால்-லியோன் என்பவர், பியானோ வாசித்தறியாதவருக்கு ஐந்து விரற் பயிற்சி ஒன்றைக் கற்பித்தார். நாளுக்கு 2 மணி நேரமாக 5 நாள். ஒரு குழு வாசித்தது. ஒரு குழு வாத்தியத்தின்முன் அமர்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக எண்ணியது. தலைமேற் காந்தச் சுருள் வைத்து அளந்தபோது, விரல்களுக்குரிய மூளைப்பரப்பு இரு குழுவினரிடத்தும் ஒரேபோல் விரிந்திருந்தது. வாசிப்பின் செம்மையில் எண்ணியவர்கள், மெய்யாக வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய நிலையை ஐந்தாம் நாளில் எட்டியிருந்தார்கள். பின்னர் ஒரேயொரு தடவை 2 மணி நேரம் கைப்பயிற்சி கொடுத்ததும் எஞ்சிய குறையும் பெரும்பாலும் நீங்கிற்று. எண்ணப் பயிற்சி மட்டும் போதாது. ஆனால் அது கைப்பயிற்சிக்கு நிலத்தை உழுது வைக்கின்றது.

மாவுக்கட்டைப் பற்றிய கேள்விக்கு விடை 2014 இலே வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோப் பல்கலைக்கழகத்தில் பிரையன் கிளார்க்கும் அவர் குழுவினரும், நலமுள்ள 29 பேரின் ஒரு கையை மணிக்கட்டு அசையாதவாறு 4 வாரம் கட்டிவைத்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், வாரத்துக்கு 5 நாள், கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டை முழுப் பலத்தோடும் வளைப்பதாக எண்ண வேண்டும்: 5 விநாடி எண்ணம், 5 விநாடி ஓய்வு, ஒரு நாளைக்கு 52 தடவை. கட்டை அவிழ்த்தபோது, ஒன்றும் செய்யாதவர்கள் தம் பலத்திலே 45 சதவீதத்தை இழந்திருந்தார்கள். எண்ணியவர்களின் இழப்பு 24 சதவீதமே. மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையின் தளர்ச்சியும் அவர்களிடத்துக் குறைவாகவே காணப்பட்டது.

45 சதவீதம் என்றால் என்ன? கட்டு அவிழ்த்த மறுநாளே மரத்துக்குப் போகும் தொழிலாளியின் மணிக்கட்டிலே, முன்பிருந்த பலத்திற் பாதியளவே இருக்கின்றது. கத்தி நடுங்கும், சீவல் ஒரு மரத்தில் மெலியும், அடுத்த மரத்தில் ஆழும். கணக்கப்பிள்ளை கண்ணிலே அது கவனக்குறைவாகவே படும். அரைப்பேர் விழும். கொழுந்துக்காரியாயின் நிறுவையிலே குறையும். மருந்துக்காரர் எலும்பு கூடிவிட்டது என்பார். எலும்பைப் பொறுத்தவரை அவர் கூற்று சரியே. கூடாமல் நிற்பது மூளைக்கும் கைக்கும் இடையிலுள்ள தொடர்பு. கட்டுக்குள் இருந்த ஒரு மாதத்தை வீணே கழியவிடாமல், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் எண்ணத்திலே வேலை செய்வதற்கு இயந்திரம் வேண்டியதில்லை, மருந்து வேண்டியதில்லை, இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ பஸ் ஏறிப் போகவும் வேண்டியதில்லை. தோட்ட மாவட்டங்களுக்கு வைத்திய வசதி செய்வதற்கென 1872 இலேயே சட்டம் பிறந்தது. ஆயினும் லயத்துக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள மலைப்பாதையைச் சட்டம் குறுக்கிவிடவில்லை. செலவில்லாத ஒரு வழியின் மதிப்பு, அப்பாதையில் நடந்தவர்களுக்கே முழுதாகத் தெரியும்.

அதனைச் செய்யும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தன்னை வேறொருவனைப் போல எதிரே நிறுத்திக் கண்ணாற் பார்ப்பது போதாது. கத்தியின் பிடி உள்ளங்கையில் அழுந்துவதையும், பட்டை கொடுக்கும் எதிர்ப்பையும், மணிக்கட்டு திரும்பும் இறுக்கத்தையும் உள்ளிருந்தே உணர வேண்டும். பார்ப்பதாக எண்ணுவதிலும் செய்வதாக உணர்வதே இயக்கப் பகுதிகளை நன்கு எழுப்புகின்றது. முறிந்த எலும்பு இருக்கையில் உண்மையாகத் தசையை இறுக்கிவிடாதிருக்க, வைத்தியரின் அல்லது இயன்மருத்துவரின் அறிவுரை பெறுவதும் அவசியமே.

கையையே இழந்தவருக்கு என்ன வழி? இல்லாத கை இருப்பதாகவே தோன்றி வலிப்பதை அமெரிக்க வைத்தியர் வேர் மிச்செல் 1871 இலே விரித்தெழுதி, அதற்குப் பேய்க்கை எனும் பொருள்படப் பெயரிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே உறுப்பிழந்த வீரர்கள் அவருடைய நோயாளர்கள். அவ்வலிக்கு ஓர் எளிய சிகிச்சையைத் தந்தவர், 1951 இலே தமிழகத்திற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1990களிலே அவர் கண்ட ஒரு நோயாளி, மோட்டார் சைக்கிள் விபத்திலே செயலிழந்த தன் கையைப் பின்னர் வெட்டியெடுக்க நேர்ந்தவர். இல்லாத அந்தக் கை பத்தாண்டுக் காலம் மரத்துப் போய், அசைக்க எண்ணினாலும் அசையாமல் இருந்தது. இராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்திலே தோன்றச் செய்தார். இரு கைகளையும் அசைப்பதாக எண்ணிப் பார்த்ததும், பேய்க்கை மீண்டும் அசைவதாக அவர் உணர்ந்தார். கட்டளை போகின்றது, பதில் வரவில்லை; ஆதலால் கை அசையாது என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. கண்ணாடி அந்தப் பதிலைத் திருப்பிக் கொடுத்தது. சில ரூபாய்க் கண்ணாடியினாலே இவ்வளவும் இயன்றது என்பதே இக்கதையின் அழகு.

பாரிசவாதத்தின் கதை அவ்வளவு எளிதன்று. அங்கே கேடு நிகழ்வது மூளையிலேயே. எண்ணும் கருவியே பழுதுபட்டிருக்கலாம். மூளையின் பக்கச் சுவரில் ஒரு பகுதி கெட்டவர்கள், தாம் எண்ணும் அசைவுக்கும் செய்யும் அசைவுக்கும் காலப் பொருத்தம் காண இயலாதிருப்பதை 1996 இலே அஞ்செலா சிரிகு காட்டினார். 2011 இலே பிரித்தானியாவில் 121 நோயாளரைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையிலே எண்ணப் பயிற்சியைத் தனியாகக் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. வழக்கமான கைப்பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போது கையின் செயல் மேம்படுகின்றது என்று பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியோர் கூறுகின்றனர். மந்திரம் போல எண்ணி விற்பவரிடத்து எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் இதுவே.

பழகாத அசைவை மனத்திலே நன்கு எண்ண முடியாது என்பது இவ்வாராய்ச்சிகளின் மற்றொரு பயன். 2005 இலே லண்டனிலே செய்த ஓர் ஆய்வில், பலே நடனக்காரருக்குப் பலே நடனத்தையும், கப்போயிறா என்னும் பிரேசிலியச் சிலம்பாட்டம் போன்ற கலையைப் பயின்றவர்க்கு அதனையும் காட்டினர். தத்தம் கலையைக் கண்டபோதே அவரவர் மூளையின் இயக்கப் பகுதிகள் மிகுதியாக விழித்தன. மாசி மாதத்திலே லயத்து முற்றத்தில் காமன் கூத்துப் பார்க்கும் முன்னாள் ஆட்டக்காரர், அமர்ந்த இடத்திலேயே தப்பின் அடிக்குத் தோளும் பாதமும் சிறிதே துடிக்கக் காண்கிறோமே. அருகிலே இருக்கும் விருந்தாளி அசையாமற் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் பார்ப்பது ஒரே கூத்து. ஒருவர் மூளையிலே மட்டும் அது ஆடப்படுகின்றது.

ஐயோவாவிலோ ஒஹாயோவிலோ ஆய்வுக்கு வந்து அமர்ந்தவரின் கையிற் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்து, வெட்டுவதாக எண்ணு என்றால் அவரால் எண்ண இயலாது. பட்டையின் மென்மை அவருக்குத் தெரியாது. மாறிழையம் எங்கே தொடங்குகின்றது என்பதைக் கத்தி முனையால் உணர்ந்ததும் இல்லை. இருபது ஆண்டு வெட்டியவருக்கோ அது கண்ணை மூடினாலே வரும். 300 மரங்களையும் வரிசை தவறாமல், சாய்ந்த மரம் எது, முடிச்சு விழுந்த பட்டை எது என்று மனத்தினாலே சுற்றி வரவும் அவரால் இயலும். தேர்ச்சி வேண்டாத வேலை என்று எழுதப்பட்டது இதுதான். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இலே கேகாலை, பலாங்கொடை முதலிய பெயர்களைத் தாங்கிய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. உடைமையாளர் மாறினர், வேலையைக் குறிக்கும் சொற்கள் அவ்வளவாக மாறவில்லை.

2021 இலே அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட செய்தி ஒன்று உண்டு. முள்ளந்தண்டு நாண் காயத்தினால் கழுத்துக்குக் கீழே பல்லாண்டுகளாக அசைவிழந்திருந்த ஒருவரின் மூளையிலே, கைக்குரிய பரப்பில், மயிரிழை போன்ற மின்வாய்களைப் பொருத்தினர். அவர் பேனாவைப் பிடித்துத் தாளில் எழுதுவதாக எண்ணினார். ஒவ்வோர் எழுத்துக்கும் மூளையில் எழுந்த துடிப்பு வேறு வேறாக இருந்தது. கணினி அவற்றைப் படித்தது. நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையிலே தோன்றின. அவர் வயதொத்தவர் கைப்பேசியிலே விரலாற் பொறிப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 115 எழுத்துகள்.